மண்ணின் மூச்சைச் சாம்பலால் படித்தல்: புனைவுக்கான சடங்குப் பொருள் ஒன்றைப் பற்றிய விவாதம்

வேம்படியாள்

அனைவருக்கும் வணக்கம். நான் எழுதிவரும் மாய உலகப் புதினத்தில், பருவம் மாறும்போதெல்லாம் நிலத்தின் நிலையைப் படித்து அரசவைக்கு அறிவிக்கும் சடங்கு ஒன்று வருகிறது. அதற்கான கருவியாக ஒரு கல் கிண்ணத்தை வைத்திருந்தேன். பூசகர் அதைக் குழிக்குள் இறக்குவார். மண் நலமாக இருந்தால் கிண்ணம் ஒளிரும், இல்லாவிட்டால் இருண்டுவிடும். வரைவைப் படித்த நண்பர்கள் அந்த இடத்தில் கதை நின்றுவிடுகிறது என்றார்கள். கிண்ணம் தீர்ப்பைச் சொல்லிவிட்ட பிறகு பாத்திரங்களுக்குப் பேச எதுவும் மிஞ்சுவதில்லை என்பதே காரணம் என்று நினைக்கிறேன். மண்ணைப் பருவந்தோறும் படிக்கும் கருவி எதுவும் வரலாற்றில் உண்மையாகவே இருந்ததா? இருந்திருந்தால் அது எப்படி இயங்கியது, யார் அதைக் கையாண்டார்கள் என்பதை அறிய விரும்புகிறேன். மேலோட்டமான குறிப்பை விட, கையில் எடுத்துப் பார்க்கும் அளவுக்கு விவரம் கிடைத்தால் உதவியாக இருக்கும்.

பழஞ்சுவடி

இருந்தது. உங்கள் கிண்ணத்தை விட விசித்திரமான ஒன்றைப் பழைய சீன அரசவைகள் பல நூற்றாண்டுகள் வைத்திருந்தன. அந்தச் சடங்கை ஹௌச்சி என்பார்கள். வானிலும் மண்ணிலும் உடலிலும் ஓடுவதாக அவர்கள் நம்பிய மூச்சுக்கு ச்சி என்று பெயர். அது பருவத்துக்கேற்ப மண்ணுக்குள்ளிருந்து எழுந்து வரும் தருணத்தைக் காத்திருந்து காண்பதே ஹௌச்சி.

1 முதல் 3ஆம் நூற்றாண்டு வரை ஆண்ட கீழை ஹான் அரச மரபின் காலத்து நடைமுறையை, 3ஆம் நூற்றாண்டில் சீமா பியாவ் என்பவர் தொகுத்த சுருதி, நாட்காட்டி பற்றிய பகுதி விவரிக்கிறது. மூன்று அடுக்குச் சுவர் கொண்ட ஓர் அறை கட்டப்படும். கதவுகளை அடைத்து, இடுக்குகளையெல்லாம் ஒன்று விடாமல் பூசி மெழுகி, உள்ளே செம்மஞ்சள் பட்டுத் திரைகளை நெருக்கமாகத் தொங்கவிடுவார்கள். அறைக்குள் ஒவ்வொரு குழலுக்கும் ஒரு மரத்தாங்கி உண்டு; அதன் உட்புறம் தாழ்ந்தும் வெளிப்புறம் உயர்ந்தும் இருக்கும். அந்தந்த மாதத்துக்குரிய திசையில் குழலைச் சாய்த்து வைத்து, நாணல் தண்டுக்குள் இருக்கும் மெல்லிய சவ்வை எரித்த சாம்பலை அதன் உள்முனையில் அடைப்பார்கள். பிறகு நாட்காட்டியைப் பார்த்தபடி காத்திருக்க வேண்டும். உரிய மாதத்தின் மூச்சு வந்ததும் அந்த மாதத்துக்குரிய குழலின் சாம்பல் மட்டும் அசையும்.

உங்களுக்கு மிகவும் பயன்படக்கூடியது அடுத்து வரும் ஒரு வரிதான். ச்சியால் அசைந்த சாம்பல் சிதறிக் கிடக்கும். மனிதராலோ காற்றாலோ அசைந்த சாம்பல் குவிந்து கிடக்கும் என்று அதே பகுதி விதி சொல்கிறது. கருவி ஏமாற்றப்படலாம் என்பது அதை உருவாக்கியவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஏமாற்றைக் கண்டுபிடிக்கும் முறையையும் அவர்களே வகுத்துவைத்தார்கள். உங்கள் கிண்ணத்துக்கு அப்படி எதுவும் இல்லை.

அரண்மனை மண்டபத்தில் ஜேட் கல்லால் ஆன 12 குழல்களும், லுவோயாங் நகரின் லிங்தாய் வானாய்வு மேடையில் பகல் மிக நீளும், மிகக் குறுகும் இரண்டு கதிர்த்திருப்ப நாட்களில் மட்டும் 60 மூங்கில் குழல்களும் பயன்பட்டன. பிற்காலத்தில் குழல்களைத் தாங்கியில் சாய்த்து வைப்பதை விட்டு, மேல்வாய் தரைமட்டத்தோடு ஒட்டி நிற்கும்படி மண்ணில் புதைத்து, வாயை மெல்லிய பட்டுத் துணியால் மூடும் முறை வழக்கத்துக்கு வந்தது. புனைவுக்கு இந்த இரண்டாவது வடிவமே பொருந்தும் என்பது என் எண்ணம்.

யாழ்நரம்பு

பழஞ்சுவடி ஐயா குழல் என்று சொல்லிக் கடந்துவிட்டதைக் கொஞ்சம் விரிக்க வேண்டும், ஏனெனில் அவை வெறும் குழாய்கள் அல்ல, இசைக்கான சுருதிக் குழல்கள். பன்னிரண்டு சுருதிகளுக்குப் பன்னிரண்டு குழல்கள், அவற்றுக்குப் பன்னிரண்டு மாதங்கள். எல்லாவற்றிலும் நீளமானது ஹுவாங்சோங் எனப்படும் மஞ்சள் மணிக் குழல். அது பகல் மிகக் குறுகும் குளிர்காலக் கதிர்த்திருப்பத்துக்கு உரியது. அதன் நீளம் 9 சுன். ஹான் காலத்துச் சுன் ஏறத்தாழ 2.3 சென்டிமீட்டர் என்பதால், நம் கணக்கில் 21 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. மற்றக் குழல்கள் ஒன்றிலிருந்து ஒன்றாகப் பிறக்கும்: மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தால் 6 சுன், அதில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டினால் 8 சுன், மீண்டும் குறைத்தால் 5.33 சுன் என்று பன்னிரண்டு வரை போகும்.

அந்த மஞ்சள் மணிக் குழலில் நடுத்தர அளவுள்ள 1200 கரும்பனிவரகு மணிகள் கொள்ளும் என்பது ஹான் அரசின் விதி. அந்தக் கொள்ளளவே முகத்தல் அளவையின் அடிப்படை. அந்த மணிகளின் எடை, பழைய சீன எடைக் கணக்கில் 12 சூ, அதாவது அரை லியாங். அதுவே நிறுத்தல் அளவையின் அடிப்படை. 90 மணிகளைப் பக்கம் பக்கமாக வைத்தால் குழலின் நீளம் வரும். அது நீட்டலளவையின் அடிப்படை. ஆகவே ஒரே மூங்கில் துண்டு சுருதி, நீளம், கொள்ளளவு, எடை, மாதம் ஆகிய ஐந்துக்கும் ஆதாரமாக நின்றது.

வேம்படியாள் அம்மாவின் கதைக்கு இது எவ்வளவு பெரிய கொடை என்று பாருங்கள். உரிய நாளில் சாம்பல் அசையவில்லை என்றால் குழலின் நீளம் தவறு என்று ஒருவர் வாதிடலாம். குழலின் நீளம் தவறு என்றால் சந்தையில் அளக்கும் படியும் தவறு, வரியாக வாங்கிய தானியமும் தவறு. பூசகருக்கு மட்டும் கவலை தந்த சடங்கு, தானிய வணிகருக்கும் வரி தண்டுபவருக்கும் கவலை தரும் சடங்காக மாறிவிடுகிறது.

அளவுகோல்

நான் மண் பொறியியல் படித்தவன் என்பதால் ஒரு கேள்வியைக் கேட்காமல் இருக்க முடியவில்லை: இது உண்மையில் நடந்திருக்க வாய்ப்புண்டா? என் கணக்கில் இல்லை. மேற்பரப்பின் வெப்பம் மண்ணுக்குள் அலையாக இறங்குகிறது. இறங்க இறங்க அலையின் வீச்சு குறைகிறது, உச்சம் தள்ளிப்போகிறது. பகல்-இரவு வேறுபாடு 20 சென்டிமீட்டர் ஆழத்துக்குள்ளேயே பெரும்பகுதி அடங்கிவிடும். ஆண்டு முழுவதற்குமான அலையோ மீட்டர் கணக்கில் இறங்கக்கூடியது. 9 சுன் ஆழத்துக்கும் அடுத்த குழலின் சுமார் 8.4 சுன் ஆழத்துக்கும் இடையில் இருப்பது ஒன்றரை சென்டிமீட்டர்கூட இல்லை. அந்த இடைவெளியில் ஒரு மாதத்தை இன்னொரு மாதத்திலிருந்து பிரித்துக் காட்டும் எந்த வேறுபாடும் மண்ணில் இருக்க முடியாது. போதாததற்கு, குளிர்காலக் கதிர்த்திருப்பத்தன்று மண் இன்னும் குளிர்ந்துகொண்டேதான் இருக்கும். அது மிகவும் குளிர்வது அதற்குச் சில வாரங்கள் கழித்து. ஆகவே அந்த நாளில் வெம்மை மண்ணுக்குள்ளிருந்து எழத் தொடங்குகிறது என்று அந்தச் சீனர்கள் கருதியது சூரியனைப் பார்த்துச் சொன்ன கணக்கு, மண்ணைப் பார்த்துச் சொன்னதல்ல.

மண் மூச்சுவிடுவது உண்டு, அதை மறுக்கவில்லை. வளிமண்டல அழுத்தம் குறையும்போது மண்ணின் துளைகளிலிருந்து காற்று வெளியேறும், கூடும்போது உள்ளே போகும். இலேசான சாம்பலை அது சில வேளைகளில் அசைத்திருக்கலாம். ஆனால் அந்த மூச்சுக்கு நாட்காட்டி தெரியாது.

பழஞ்சுவடி

அளவுகோல் அவர்களின் கணக்கோடு எனக்குச் சண்டையில்லை. அந்தச் சீனர்களிடமும் ஒரு கோட்பாடு இருந்தது என்பதை மட்டும் சேர்க்கிறேன். 11ஆம் நூற்றாண்டில் சோங் அரசில் அதிகாரியாகவும் அறிவியலாளராகவும் இருந்த ஷென் குவோ இதை விளக்கியிருக்கிறார். எல்லாக் குழல்களின் மேல்வாயும் ஒரே மட்டத்தில் இருப்பதால் அடிமுனைகள் வெவ்வேறு ஆழத்தில் நிற்கும். குளிர்காலக் கதிர்த்திருப்பத்தில் வெம்மை மூச்சு தரைக்கு 9 சுன் கீழே வந்து நிற்கிறது. அதை எட்டுவது மஞ்சள் மணிக் குழல் மட்டுமே. அவர்களுடைய முதல் மாதத்தில் 8 சுன் வரை ஏறுகிறது. அதற்கு அடுத்த குழல்கள் காத்திருக்கின்றன. மண் ஓரிடத்தில் இறுகியும் ஓரிடத்தில் நெகிழ்ந்தும் இருந்தால் பிழை வரும் என்பதால், முதலில் மரப்பலகையால் இடைமறித்து, அதன்மேல் ஒரே சீராக மண்ணை இறுக்கி, நீரால் மட்டம் பார்த்த பின்னரே குழல்களைப் புதைக்க வேண்டும் என்கிறார். பொறியாளர் ஒருவரின் கவனம் அதில் தெரிகிறது.

அளவுகோல்

பலகை வைத்து இடைமறித்துவிட்டு அதற்குக் கீழிருந்து மூச்சு வரக் காத்திருப்பது எப்படி என்று அவரிடம் கேட்டிருப்பேன். இன்னொன்று: கோடைக் கதிர்த்திருப்பத்துக்குப் பிறகும் குழல்கள் மாதந்தோறும் குட்டையாகிக்கொண்டே போகின்றன. வெம்மை மூச்சு இறங்கிப் போக வேண்டிய இலையுதிர் காலத்திலும் அது ஏறிக்கொண்டே இருப்பதாக அல்லவா அந்த அமைப்பு சொல்கிறது? கோட்பாடு பாதி ஆண்டுக்குத்தான் பொருந்துகிறது.

வேம்படியாள்

நான் எதிர்பார்த்ததை விடப் பல மடங்கு கிடைத்துவிட்டது, நன்றி. ஆனால் ஒன்று புரியவில்லை. சாம்பல் விதிப்படி அசையாது என்றால், அதைக் காத்திருந்து பார்த்தவர்களுக்கு அது தெரிந்திருக்குமே? ஓர் அரசவை இதை எப்படிக் கைவிடாமல் வைத்திருந்தது? எல்லாரும் சேர்ந்து பொய் சொன்னார்கள் என்று எழுதுவது எனக்குப் பிடிக்கவில்லை, அது மிகவும் மலிவான விடை.

பழஞ்சுவடி

மலிவான விடை என்று நீங்கள் சொன்னது சரி. பதிவாகியிருக்கும் நிகழ்ச்சி அதைவிட நுட்பமானது.

589இல் சுய் அரசின் முதல் பேரரசர் வென், தெற்கிலிருந்த சென் அரசை வென்று நாட்டை ஒன்றிணைத்தார். அதன்பின் மாவ் சுவாங் என்பவரிடமும் உடன் சிலரிடமும் குழல்களைப் புதைத்துப் பார்க்கும் பணி ஒப்படைக்கப்பட்டது. அவர்கள் முறைப்படி மூன்று அடுக்கு அறை கட்டி, பன்னிரண்டு குழல்களையும் புதைத்துச் சாம்பலிட்டுப் பட்டால் மூடினார்கள். முடிவை அப்படியே எழுதியும் வைத்தார்கள்: சில மாதங்களில் மாதம் பிறந்ததுமே சாம்பல் பறந்தது, சிலவற்றில் நடுவிலோ கடைசியிலோ பறந்தது, ஒரு குழலில் மூன்று முதல் ஐந்து இரவுகளுக்குள் எல்லாம் தீர்ந்துபோனது, இன்னொன்றில் மாதம் முழுவதும் காத்திருந்தும் கொஞ்சமே வெளியேறியது. பொய் சொல்ல நினைப்பவர்கள் இப்படி ஓர் அறிக்கையை எழுதமாட்டார்கள்.

பேரரசர் வியந்து நியூ ஹோங் என்ற அறிஞரிடம் விளக்கம் கேட்டார். அவர் கூறிய விடை இது: சாம்பல் பாதி வெளியேறினால் அது இணக்கமான மூச்சு, ஆட்சி சீராக இருக்கிறது என்று பொருள். முழுவதும் வெளியேறினால் கடுமையான மூச்சு, அமைச்சர்கள் கட்டுக்கடங்காமல் இருக்கிறார்கள். வெளியேறாவிட்டால் தளர்ந்த மூச்சு, அரசன் கொடுங்கோலன்.

அதற்குப் பேரரசர் சொன்ன மறுப்பு அருமையானது. அமைச்சர்கள் அடங்காமல் இருப்பதும் அரசன் கொடியவனாக இருப்பதும் மாதத்துக்கு மாதம் மாறக்கூடிய செய்திகள் அல்ல. ஒரே ஆண்டின் பன்னிரண்டு குழல்களும் பன்னிரண்டு விதமாகச் சொல்கின்றனவே, அந்த அளவுக்கா கொடுங்கோலும் அடங்காமையும் மாறி மாறி வரும் என்று கேட்டார். நியூ ஹோங்கால் விடை சொல்ல முடியவில்லை.

இதோடு முடிந்தது என்று நினைப்பீர்கள். அடுத்ததாகப் பேரரசர் செய்தது, அந்த முறையை ஒழுங்காக எழுதித் தரும்படி மாவ் சுவாங்குக்கு ஆணையிட்டதுதான். விளக்கம் தோற்றது, கருவி தோற்கவில்லை. உங்கள் கேள்விக்கு விடை அங்கே இருக்கிறது: சாம்பல் தவறாக அசைந்தால் குழலின் நீளம், மூங்கிலின் ஊர், மண்ணின் இறுக்கம், பூச்சின் நேர்த்தி என்று குற்றம் சாட்ட எத்தனையோ இருந்தன. கருவியைக் குறை சொல்லும் கட்டம் வருவதற்கே பல தலைமுறைகள் ஆகும்.

ஏரிக்கரையான்

நியூ ஹோங்கின் நிலையைத்தான் நினைத்துப் பார்க்கிறேன். "வெளியேறாவிட்டால் அரசன் கொடுங்கோலன்" என்பதை அரசரின் முகத்துக்கு நேரே சொல்லும் துணிச்சல் வேண்டுமே. புதினத்தில் இந்தக் காட்சியை விட்டுவிடாதீர்கள்.

யாழ்நரம்பு

குழலின் நீளத்தைக் குறை சொல்வது வெறும் சாக்கு அல்ல என்பதையும் குறிப்பிட வேண்டும். பத்துச் சுன் கொண்ட அடிக்கோல் ஹான் காலத்தில் ஏறத்தாழ 23 சென்டிமீட்டர். 7ஆம் நூற்றாண்டில் தொடங்கிய தாங் ஆட்சிக் காலத்துக்கு வரும்போது அது 30 சென்டிமீட்டரை ஒட்டிவிட்டது. அடிக்கோல் வளர்ந்தால் 9 சுன் என்ற எண் மாறாமலே குழல் நீண்டுவிடும், சுருதியும் தாழ்ந்துவிடும். அப்படியானால் எது பழைய, சரியான மஞ்சள் மணி? ஏடுகளும் பழைய நாணயங்களும் வெவ்வேறு விடை சொல்லும்போது, மண்ணையே நடுவராக வைத்துவிடலாம் என்ற ஆசை எழுவது இயல்பு.

அந்த ஆசையை இசையறிவு கொண்டே உடைத்தவர் மிங் அரச குலத்தைச் சேர்ந்த சூ சாய்யூ. ஓர் எண்மத்தை, அதாவது ஒரு ஸ்தாயியை, பன்னிரண்டு சமமான படிகளாகப் பிரிக்கும் கணக்கை 1584இல் எழுதி முடித்தவர் அவர். மூன்றில் ஒரு பங்கு விதியைப் பன்னிரண்டு முறை செய்தாலும் தொடங்கிய சுருதிக்குச் சரியாகத் திரும்ப முடியாது. அந்தச் சிறு பிழையைத் துரத்தித்தான் ஹான் காலத்துச் சிங் ஃபாங் பன்னிரண்டு சுருதிகளை 60ஆகப் பெருக்கினார். சூ சாய்யூ அந்தத் துரத்தலையே தேவையற்றதாக்கினார், சாம்பல் சோதனையையும் ஆதாரமற்றது என்று ஒதுக்கினார்.

தும்பைப்பூ

எல்லாரும் கருவி தோற்ற கதையையே பேசுகிறீர்கள். வேம்படியாள் எழுதுவது மாயப் புதினம். அவருடைய உலகில் கருவி வேலை செய்யலாம் அல்லவா? வேலை செய்வதாகச் சொல்லப்பட்ட கதையும் அதே மரபில் உண்டு. 6ஆம் நூற்றாண்டில், வடக்குச் ச்சி அரசு (மூச்சைக் குறிக்கும் ச்சி அல்ல, அரசின் பெயர்) உருவான காலத்தில் வாழ்ந்த சின்து ஃபாங் என்பவர் ஒருவரோடு பேசிக்கொண்டிருக்கும்போதே வானத்தைக் காட்டி "இளவேனிலின் முதல் மூச்சு வந்துவிட்டது" என்றாராம். போய்ப் பார்த்தால் குழலின் சாம்பல் பறந்திருந்ததாம். இதைவிட அழகானது அவர் செய்த இன்னொரு கருவி. ஆண்டின் 24 பருவக்கூறுகளுக்கு 24 சக்கர விசிறிகளைச் செய்து மண்ணில் புதைத்தார் என்றும், ஒவ்வொரு கூறு தொடங்கும்போதும் உரிய விசிறி மட்டும் தானாகச் சுழலும், மற்றவை அசையாமல் நிற்கும் என்றும் சுய் அரசின் வரலாறு எழுதுகிறது. மண்ணுக்கடியில் யாரும் பார்க்காமல் ஒரு விசிறி சுழலத் தொடங்குகிறது என்பதை விட்டுவிட்டு, தோல்விகளை மட்டும் எடுத்துக்கொள்வது கற்பனைக்குச் செய்யும் அநீதி.

பழஞ்சுவடி

விசிறி அழகுதான். ஆனால் தும்பைப்பூ அவர்களே, அது வேம்படியாளைத் திரும்பவும் கல் கிண்ணத்துக்கே கொண்டுபோய் விடும். உரிய நாளில் உரிய விசிறி தவறாமல் சுழன்றால் அடுத்த காட்சியில் என்ன நடக்கும்? சின்து ஃபாங் கதையில் அதற்கு மேல் எதுவும் நடக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு வியப்போடு அது முடிந்துவிடுகிறது. சுய் பேரரசரின் கதையோ தொடர்ந்து போகிறது.

தும்பைப்பூ

விசிறி சில வேளை சரியாகச் சுழலட்டும், சில வேளை சுழலாமல் போகட்டும். எல்லாமே பொய் என்று தெரிந்த சடங்கை எந்த வாசகரும் இருநூறு பக்கம் பின்தொடரமாட்டார். உண்மையாகவே மண் ஒருமுறையாவது பேச வேண்டும் என்பதே என் கட்சி; இதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

ஏரிக்கரையான்

இந்தச் சடங்கு எப்படி முடிந்தது என்பதையும் யாராவது சொல்லுங்கள்.

பழஞ்சுவடி

சிங் ஆட்சியின் தொடக்கத்தில், ஓர் அதிகாரப் போட்டிக்கு நடுவில். பீக்கிங் வானியல் அலுவலகத்தை நடத்திவந்த ஜெசுயிட் பாதிரியார் ஆடம் ஷால் மீது 1664இல் யாங் குவாங்சியென் குற்றம் சாட்டினார். வழக்கில் வென்று, மறு ஆண்டு அந்த அலுவலகத்தின் தலைவரும் ஆனார். மேற்கத்தியக் கணிப்பை விரட்டிவிட்ட இடத்தில் பழைய மரபின் வலிமையைக் காட்ட வேண்டிய கட்டாயம் அவருக்கு ஏற்பட்டது. 1666இல் அரசருக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார்: சாம்பல் சோதனையின் முறை நெடுங்காலமாக வழக்கொழிந்துவிட்டது, அறிந்தவர்களைத் தேட அனுமதி வேண்டும், யீயாங் வட்டாரத்துச் சின்மென் மலை மூங்கிலையும், ஷாங்தாங் பகுதியின் ஆட்டுத்தலை மலைக் கரும்பனிவரகையும், ஹேநெய் நாணல் சவ்வையும் வரவழைத்துத் தர வேண்டும். இந்தப் பட்டியலைப் படிக்கும்போது எனக்கு அவர்மேல் பரிவே வருகிறது, ஏனெனில் பொருள்கள் சரியான ஊரிலிருந்து வந்தால் சடங்கு பலிக்கும் என்று அவர் உண்மையாகவே நம்பியதாகத் தெரிகிறது.

1668இல் இன்னொரு விண்ணப்பம். குழல்களின் அளவு நூல்களில் இருக்கிறது, பயன்படுத்தும் முறைதான் மறைந்துவிட்டது. முறை தெரிந்தவர் இன்னும் கிடைக்கவில்லை. எனக்கோ வாதநோய், மேற்பார்வை செய்ய முடியவில்லை என்றார். சடங்கு அமைச்சகம் ஏற்கவில்லை. அலுவலகத் தலைவர் பொறுப்பைத் தட்டிக்கழிக்கக் கூடாது, தொடர்ந்து தேட வேண்டும் என்றது. அந்த ஆண்டின் இறுதியில் ஃபெர்டினாண்ட் வெர்பீஸ்ட் என்ற இன்னொரு ஜெசுயிட் பாதிரியார், நடுப்பகலில் கோலின் நிழல் எங்கே விழும் என்று முன்கூட்டியே கணித்து எல்லார் முன்னிலையிலும் மெய்ப்பித்தார். 1669இல் யாங் பதவியிழந்தார். ஊருக்குத் திரும்பும் வழியில் இறந்தார்.

அளவுகோல்

நிழலுக்கு மூடிய அறை தேவைப்படவில்லை என்பதைக் கவனிக்கிறேன். எல்லாரும் சுற்றி நின்று பார்க்கலாம். சாம்பலை ஒருவர் மட்டுமே உள்ளே போய்ப் பார்க்க முடியும்.

வேம்படியாள்

அளவுகோல் ஐயாவின் அந்தக் கடைசி வரியால் என் அத்தியாயம் திறந்துகொண்டது. கிண்ணத்தைக் கைவிடுகிறேன். புதைத்த குழல்களும் சாம்பலும் வரட்டும், ஆனால் சீனத்தின் பெயர்களும் மாதங்களும் என் உலகில் வராது; அளவைகளோடு குழலைக் கட்டிவைக்கும் ஏற்பாட்டை மட்டும் கடன் வாங்குகிறேன். முதன்மைப் பாத்திரம் பூசகர் அல்ல, அறையின் இடுக்குகளைப் பூசும் கொற்றுவேலைக்காரி. சாம்பல் தவறாகக் கிடந்தால் முதல் குற்றச்சாட்டு அவள் பூச்சின்மீதுதான் விழும். தும்பைப்பூ கேட்டபடி மண் ஒருமுறை உண்மையாகவே பேசும். அதைக் காண்பவள் அவள் மட்டுமே என்பதால் யாரும் நம்பமாட்டார்கள்.

ஒரு நடைமுறைக் கேள்வி மட்டும் மிஞ்சியிருக்கிறது. சாம்பலைப் பார்க்க உள்ளே போக வேண்டும். கதவைத் திறந்தாலே காற்று நுழைந்துவிடுமே, பின் எப்படிப் பார்த்தார்கள்?

பழஞ்சுவடி

பிற்காலக் குறிப்புகளின்படி மூன்று சுவர்களின் வாயில்களும் ஒரே நேர்கோட்டில் இருக்காது. வெளி வாயில் வடக்கே, நடு வாயில் தெற்கே, உள் வாயில் மீண்டும் வடக்கே. உள்ளே போகிறவர் இரண்டு சுவர்களுக்கு நடுவே அரைச்சுற்று சுற்றித்தான் அடுத்த வாயிலை அடைவார். காற்றும் அதே வழியில் வளைந்து வர வேண்டும். அப்படியும் ஆளின் உடையசைவே ஒரு காற்றை எழுப்பும். அதனால்தான் குவிந்த சாம்பலுக்கும் சிதறிய சாம்பலுக்கும் வேறுபாடு வகுத்தார்கள். சுய் அறிக்கை இரவுக் கணக்கில் பேசுவதைப் பார்த்தால் பார்வையிடல் அடிக்கடி நடந்திருக்க வேண்டும். உங்கள் கொற்றுக்காரி ஒவ்வொரு முறையும் கதவின் ஓரத்தைப் புதிதாகப் பூசிவிட்டு வெளியேற வேண்டியிருக்கும். ஈரப் பூச்சில் யாருடைய விரல் பட்டிருக்கிறது என்பது மறுநாள் அவளுக்கு மட்டும் தெரியும்.